சிங்கப்பூரில் ஒரு நாளும் டயகமவுக்கு ஒரு பஸ்ஸும்

ஒப்பிடக் கூடாது என்று எனக்கு அறிவுரை கூறப்பட்டது. கூறியவர் கொழும்பில் பத்திரிகை அலுவலகமொன்றில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றியவர். படித்தவர், நல்லவர், மலையக மக்கள்பால் அனுதாபம் உடையவர். (அனுதாபம் உடையவர்களோடு வாதிடுவதுதான் கடினம். பகைவரிடம் உரக்கப் பேசலாம். இவர்களிடம் நன்றி சொல்லிவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.) "அது நகரம், இது தோட்டம். அங்கே பணம் இருக்கிறது, இங்கே மலை இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுகிறீர்?" என்று அவர் கேட்டார். அன்று தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் சிங்கப்பூர் சென்றிருந்தேன். என் அக்காவின் மகன் அங்கே உட்லண்ட்ஸ் பகுதியில் வாடகை அறையில் இருக்கிறான். அவனுக்கு வேலை நாள். காலையில் ஒரு பயண அட்டையை என் கையில் வைத்து, "மாமா, இதில் காசு போட்டிருக்கேன். எங்க வேணும்னாலும் ஏறுங்க, எங்க வேணும்னாலும் இறங்குங்க. வழி தவறிப் போக முடியாது" என்றான். முப்பது ஆண்டுகள் செய்தி சேகரித்தவனிடம் சொல்லத் தகுந்த வார்த்தையல்ல, ஆனால் உண்மை. மாலைவரை வேண்டுமென்றே வழி தவறிப் பார்த்தேன், முடியவில்லை.

வடக்கு தெற்குப் பாதையில் பெருவிரைவு ரயிலேறி டோபி காட்டில் இறங்கினேன். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஓட்டுநரே இல்லாத ரயில். 2003 இல் திறக்கப்பட்ட பாதை அது. முதற் பெட்டியின் முன்கண்ணாடியருகே சிறுவனைப்போல் நின்று சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. பிறகு சிராங்கூன் சாலையில் மாடி பஸ் ஒன்றில் ஏறி, மேல்தளத்தில் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டேன். ரயிலிலிருந்து இறங்கி பஸ்ஸில் ஏறினாலும், குறித்த நேரத்துக்குள் ஏறிவிட்டால், அது ஒரே பயணமாகவே கணக்கிடப்படுகிறது. சென்ற தூரத்துக்குத்தான் கட்டணம், ஏறி இறங்கிய தடவைகளுக்கு அல்ல. 2010 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது.

அன்று நான் கண்டவற்றுள் கட்டடங்கள் மறந்துவிட்டன. மறவாதது ஒன்று. ஒரு தரிப்பிடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி காத்திருந்தார். பஸ் நின்றது. ஓட்டுநர் எழுந்து இறங்கி, வாசலில் மடிந்திருந்த பலகையை விரித்து, நாற்காலியை உள்ளே தள்ளி, உரிய இடத்தில் நிறுத்தி, பலகையை மடித்துவிட்டுத் தன் ஆசனத்துக்குத் திரும்பினார். பயணிகள் எவரும் முணுமுணுக்கவில்லை, எவரும் பாராட்டவுமில்லை. அந்த இரண்டாவதுதான் என்னை உறுத்தியது. அது அவர்களுக்குக் கருணைச் செயலாகத் தெரியவில்லை. பஸ் என்றால் அப்படித்தான்.

நான் டயகமவில் ஒரு லயத்தில் பிறந்தவன். எனக்கு ஒன்பது வயதிருக்கையில், 1979 இல், அம்மாவுக்குப் பிரசவ வலி கண்ட இரவில் கொழுந்து லொறியில் சாக்குகளை விரித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். தம்பி வழியிலேயே பிறந்தான். வழியிலேயே இறந்தும் போனான். லொறிக்காரர் அந்த நேரத்தில் வந்ததே பெரிய உதவி என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நன்றியுணர்ச்சியைத்தான் நான் இன்று எதிர்க்கிறேன். ஒரு தாய் மருத்துவமனைக்குப் போவது ஏன் இன்னொருவரின் பெருந்தன்மையில் தங்கியிருக்க வேண்டும்?

இனி நண்பரின் வாதங்களுக்கு வருவோம். மலை என்றார். டயகம ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் கிடக்கிறது. அச்சமவெளிக்கு அப்பால் பட்டிப்பொல ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேல். நாட்டின் ஆக உயரமான நிலையம் அதுதான். ரயில் 1885 இல் நானுஓயாவை எட்டியது. 1893 இல் அப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் போனது. டீசலும் டைனமைட் விஞ்ஞானமும் இன்றுள்ளதுபோல் இல்லாத காலத்தில், மலையைக் குடைந்து, பள்ளத்தில் பாலமிட்டு வெள்ளையன் கொண்டுபோனான். யாருக்காக? முதலில் கோப்பிக்காக, அது அழிந்தபின் தேயிலைக்காக. மலை ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. ஏற வேண்டியது தேயிலையா, தேயிலை பறிப்பவளா என்பதைப் பொறுத்தே மலை உயர்கிறது, தாழ்கிறது. அந்த ரயிலின் வாசலில் தொங்கிப் படமெடுத்து, உலகின் அழகிய பயணம் என்று எழுதும் பயணிகள்மீது எனக்குக் கோபமில்லை. படத்தின் ஓரத்தில் புள்ளியாய்த் தெரியும் பெண், மாலையில் வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று அவர்கள் கேட்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டும்.

பணம் என்றார். 1955 மே மாதத்தில் சிங்கப்பூரில் ஹொக் லீ பஸ் கம்பெனித் தொழிலாளர் போராட்டம் கலவரமாக வெடித்து உயிர்கள் போயின. பல சில்லறைக் கம்பெனிகள் ஓட்டிய பஸ்களை ஒழுங்கு செய்து ஒன்றாக்க அவர்களுக்கு 1973 வரை பிடித்தது. நாமோ 1958 ஜனவரி முதலாந் திகதியே பஸ் சேவையைத் தேசியமயமாக்கியவர்கள். அன்று முன்னால் நின்றவர் யார், பின்னால் நின்றவர் யார்? வறுமை பின்னாளில் வந்தது; அலட்சியம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்த அலட்சியத்துக்குச் சட்டப் பிரிவொன்றே இருந்தது என்பதை வெளிநாட்டு வாசகர்கள் பலர் அறியமாட்டார்கள். 1948 இல் குடியுரிமையை இழந்த எம்மவருள் எஞ்சியோரும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடிமக்களாயினர். வாக்களித்தோம், பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்களையும் அனுப்பினோம். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, அந்தச் சபைகள் தோட்டங்களுக்குள் தம் நிதியைச் செலவிடக் குறுக்கே நின்றது. நாம் தெரிவு செய்த சபை நம் வாசலுக்கு வரும் பாதையில் ஒரு குழியை நிரப்ப முடியாது! 2018 இல்தான் இப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் அக்கரப்பத்தனைக்கும் தனிப் பிரதேச சபை கிடைத்தது. முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு பாதையைக் கவனியாது விட்டால் அது என்னவாகும் என்பதற்குப் பொறியியல் அறிவு வேண்டாம். பாதை இல்லாததால் பஸ் இல்லை என்பார்கள். பஸ்ஸே வராத பாதையைச் செப்பனிடுவானேன் என்றும் அவர்களே சொல்வார்கள்.

நட்டம் வரும் தடம் என்பது மற்றொரு பல்லவி. நட்டத் தடங்களில் பஸ் ஓட்ட இந்நாட்டுக்குத் தெரியும். மாணவர்க்கென 'சிசு சரிய', கிராமங்களுக்கென 'கெமி சரிய', இரவுக்கென 'நிசி சரிய' என்று மானியச் சேவைகளுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரு லயத்து வாசலை எழுத எவருக்குக் கை கூசுகிறது?

சிங்கப்பூரைச் சொர்க்கமென்று நான் எழுதப் போவதில்லை. அன்று மாலை மாடி பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து கீழே பார்த்தபோது பக்கத்துத் தடத்தில் ஒரு லொறி நின்றது. பின்பக்கத்தில், சாமான்கள் வைக்கும் தட்டில், வரிசையாய்க் குந்தியிருந்த தொழிலாளர்கள். அவர்கள் பேசியது தமிழ். வெளிநாட்டுத் தொழிலாளரை லொறியின் பின்னால் ஏற்றிச் செல்வது அந்நகரில் சட்டவிரோதமன்று. தடை செய்யுமாறு 2023 இல் பல அமைப்புகள் கூடிக் கேட்டபோதும் அரசு இசையவில்லை. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரம், தொழிலாளர் விடுதிக்குச் செல்லும் தனியார் பஸ்ஸொன்றில் ஓர் இந்தியத் தொழிலாளி அடிபட்டு இறந்ததில் தொடங்கியதே. நான் கொழுந்து லொறியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது சிவப்பு விளக்கில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உலகின் மிகச் சிறந்த போக்குவரத்தை வைத்திருக்கும் நகரமும், யார் பயணி, யார் சரக்கு என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஆகவே இது பணத்தின் பிரச்சினையல்ல என்பதற்கு, என் நண்பர் கேட்ட ஒப்பீட்டின் மறுபாதியும் சான்று.

டயகமவிலிருந்து நகரத்துக்குப் போவதற்கு எப்போதும் வழி இருந்திருக்கிறது. கடைக்குப் பையன் வேண்டுமென்றால், வீட்டு வேலைக்குப் பிள்ளை வேண்டுமென்றால், தரகர் வந்து விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்ற டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிரிழந்தாள். நாடே சில வாரங்கள் டயகம என்ற பெயரைச் சொன்னது. கமராக்கள் வந்தன, வாகனத் தொடர்கள் வந்தன. உயர்தரம் படிக்கும் பிள்ளை மேலதிக வகுப்பு முடிந்து இருட்டுமுன் வீடு திரும்ப ஒரு பஸ் மட்டும் அந்த வாகனங்களுக்குப் பின்னால் வரவில்லை. படிப்பை நிறுத்துவதற்கு வறுமை காரணம் என்று எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். தூரமும் ஒரு காரணம் என்று எழுதத் தவறினேன்.

நான் டயகமவுக்குப் பெருவிரைவு ரயில் கேட்கவில்லை. தலவாக்கலையிலிருந்து மாலை ஏழு மணிக்கு, ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஒரு பஸ் புறப்பட வேண்டும். அதன் நெற்றியில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருக்க வேண்டும். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியதை யாராவது பெயர்ப்பலகை எழுதுபவருக்குச் சொல்லட்டும். டிவிசன்களுக்குள் செல்லும் பாதைகளைப் பிரதேச சபைகள் பொறுப்பேற்க வேண்டும். 2018 க்குப் பின்னர் 'சட்டம் இடந்தரவில்லை' என்ற சாக்கு செல்லாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தின் பாதைகளை அறுத்தெறிந்தபோது, பாதைதான் உயிர்நாடி என்று கொழும்பு கண்டுகொண்டது. புயல் இல்லாத நாட்களிலும் அது உயிர்நாடிதான், ஐயா.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டேன். கொழும்பிலிருந்து பஸ் தாமதித்து, தலவாக்கலையில் இறங்கியபோது இருட்டிவிட்டது. தரிப்பிடத்தில் பொதிகளோடு நின்ற ஒரு பெண், வந்து நின்ற பஸ்ஸின் பலகையைக் காட்டி, "ஐயா, இது டயகம போகுமா, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தது. அது நுவரெலியா பஸ். டயகமவுக்குக் கடைசி பஸ் போய்விட்டதென்று கடைக்காரர் சொன்னார்.

முச்சக்கர வண்டி பேசினேன். இளைஞர் 3,000 ரூபாய் கேட்டார். தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000. அந்தப் பெண்ணையும் ஏறச் சொன்னேன். ஹோல்புரூக் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவர் தன் பங்குக்கு இருநூறு ரூபாயை எடுத்து நீட்டிக்கொண்டே வந்தார், நான் வேண்டாமென்றேன். இறங்கும்போது அதை வண்டிக்காரரின் ஆசனத்தில் வைத்துவிட்டு, பொதியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, லயத்துக்குப் போகும் படிகளில் மழையோடு இறங்கிப் போனார்.