ஏழாம் வகுப்புக்கு என்ன வயசு?

அமெரிக்காவில் ஒரு பிள்ளையிடம் "எந்த கிரேடு?" என்று கேட்டால் போதும். வயதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. 5 வயதில் கிண்டர்கார்டன், 6 வயதில் முதல் கிரேடு, 17 வயதில் பன்னிரண்டாவது கிரேடு. கிரேடு எண்ணோடு 5 கூட்டினால் வயது வந்துவிடும். தமிழ்நாட்டில் 4 கூட்ட வேண்டும். ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு என்பது இங்கே நடைமுறை. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் எட்டாம் வகுப்புக்கு 12, பத்தாம் வகுப்புக்கு 14. தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத 12½ வயது, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14½ வயது என்று விதி இருப்பதும் இதே கணக்கில்தான்.

கணக்கு சரி. பிள்ளைகள்தான் கணக்குக்கு ஒத்துவர மாட்டேன் என்கிறார்கள்!

சந்தேகம் இருந்தால் போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூருக்குப் போகலாம். இல்லையென்றால் திருப்பத்தூர் பக்கமாக புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று ஏறலாம். இதுதான் ஜவ்வாது மலை. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடியினர். மலையாளி என்றதும் கேரளா என்று நினைக்க வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர், பேசுவது தமிழ்தான். சாமை, புளி, தேன், பலா என்று மலை கொடுப்பதும், மலை கொடுக்காத மாதங்களில் கீழே இறங்கிக் கூலிக்குப் போவதும்தான் பல குடும்பங்களின் பிழைப்பு.

இந்தப் பிழைப்பில் பள்ளிக்கூடம் எங்கே வரும்? ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பள்ளிக்கூடம் காட்டு வழியில் தூரம். 5 வயதில் அவனைத் தனியாக அனுப்ப முடியாது, உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் விட அம்மாவுக்கு மனசு வராது. 7 வயதில் சேர்க்கிறார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காகப் போகிறான். பிறகு அப்பாவும் அம்மாவும் கர்நாடகா பக்கமோ கேரளா பக்கமோ வேலைக்குப் போகும்போது கூடவே போகிறான், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. திரும்பி வரும்போது வயது 11. இப்போது அவன் எந்த வகுப்பில் உட்காருவது? படித்ததைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு. வயதைப் பார்த்தால் ஏழாம் வகுப்பு.

இதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2009ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஈடாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அவன் உரிமை என்கிறது. அந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 வருஷம் வரை என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை அவனுக்கு இலவசக் கல்வி உண்டு என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

நல்ல சட்டம்தான். பிரச்சினை எங்கே என்றால், இதில் முதல் பாதி ரொம்ப சுலபம், இரண்டாம் பாதி ரொம்பக் கஷ்டம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் எழுதினால் போதும், ஒரு நிமிஷ வேலை. நான்கு வருஷப் பாடத்தை ஈடுகட்ட தனி ஆசிரியர் வேண்டும், தனி அறை வேண்டும், நேரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பொறுமை வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையன் கையில் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம். பெயருக்கு வயதுக்கேற்ற வகுப்பு, நிஜத்தில் கடைசி பெஞ்ச்.

இங்கேதான் இன்னொரு கூட்டம் வருகிறது. "பாருங்கள், ஃபெயில் ஆக்காததால் வந்த வினை இது! படிக்காதவனை அதே வகுப்பில் உட்கார வை" என்பது அவர்கள் வாதம். 2019ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் ஃபெயில் ஆக்கலாம் என்று மாநிலங்களுக்கு வழி விட்டது. தமிழ்நாடும் அந்த வருஷமே இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசுப் பள்ளிகளில் அந்த வகுப்புகளில் ஃபெயில் முறை திரும்ப வந்தபோதும் தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் இல்லை என்பதில் நின்றது. நின்றது சரி. 12 வயதில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பையனை ஃபெயில் ஆக்கினால் அவன் 13 வயதில் ஐந்தாம் வகுப்பு படிப்பான் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஜூன் மாதம் அவன் மலையிலேயே இருக்க மாட்டான். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருக்கும்.

ஆக, ஒரு கூட்டம் பையனை மேலே தூக்கி வைத்துவிட்டுக் கையை விடுகிறது. இன்னொரு கூட்டம் கீழே தள்ளிவிட்டுக் கையை விடுகிறது. இரண்டு பேரும் கையை விடுவதில் மட்டும் ஒற்றுமை!

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கேள்வியே கேட்பதில்லை. வயதும் வகுப்பும் ஒன்றாக ஓட வேண்டும் என்று யார் சொன்னது? இது இயற்கை விதி இல்லை. அமெரிக்காவிலேயே பிள்ளைகளைத் தனித்தனி அறையில், தனித்தனி வகுப்பாகப் பிரித்து உட்கார வைத்த முன்னோடிப் பள்ளி என்று பாஸ்டன் நகரத்து குயின்ஸி பள்ளியைச் சொல்வார்கள். அது 1848ல் வந்தது. அதற்கு முன்னால் ஒரே அறையில் சின்னவனும் பெரியவனும் சேர்ந்துதான் படித்தார்கள். நம் ஊர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வயதுக்கொரு வகுப்பு கிடையாது. முன்னால் கற்றவன் பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இந்த மாதிரி முறையை ஓர் அநாதைப் பள்ளியில் நடத்தி, அதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர்!

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, சில வருஷத்தில் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா? 1 முதல் 4 வரை பிள்ளைகள் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து, கற்றல் ஏணியில் அவரவர் படியில் அட்டை எடுத்துப் படித்தார்கள். பத்து நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரலாம். அந்த முறையில் குறைகள் இருந்தன. ஆனால் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று கேட்டதே தவிர, வயது என்ன என்று கேட்கவில்லை. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமோ 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் 9 வயதில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடம் வரும் பிள்ளைக்கு?

சரி, வயது, வயது என்கிறோமே, அந்த வயதாவது நிஜமா? தலைக்கு மேலே கையைச் சுற்றி அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். அதனால்தான் நம் தாத்தா, அப்பா தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதத்தில் பிறந்தநாள்! சிரிக்கலாம், ஆனால் அந்தக் காது பல பேரைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவும் வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் 2023ல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அந்தப் பிள்ளைகள் 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்பார்கள். ஒரு வருஷம் தாண்டிப் பதிவு செய்ய வேண்டுமானால் அதிகாரியின் உத்தரவு வேண்டும். வீட்டிலேயே பிரசவம் நடந்த மலைக் கிராமத்துத் தாய் அதற்கு எத்தனை தடவை கீழே இறங்கி ஏறுவாள்? 14-வது பிரிவை இப்போதே ஞாபகப்படுத்தாவிட்டால், அப்போது ஞாபகப்படுத்திப் பயன் இல்லை.

"எல்லாம் முயற்சி செய்தால் முடியும், ஸ்ரீபதியைப் பாருங்கள்" என்று ஒருவர் சொல்லக்கூடும். பார்க்க வேண்டியதுதான். ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, ஏலகிரி மலையில் படித்து, பிரசவமான ஒரு சில நாட்களில் தேர்வு எழுதி, 2024ல் 23 வயதில் உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எழுத்தறிவு 80 சதவீதம், தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம். இந்தியப் பழங்குடியினரின் சராசரியான 59-ஐ விடக் குறைவு. ஒருவரின் வெற்றியை வைத்து மற்றவர்கள் முயற்சி செய்யவில்லை என்று சொல்வது அந்த வெற்றிக்கே மரியாதை இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்களை போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். படிப்பு பாதியில் நின்றவனுக்குக் கீழே காத்திருக்கும் வேலை எப்படிப்பட்டது என்று அந்த ஊர்களுக்குத் தெரியும்.

அதனால் கேட்க வேண்டியது இதுதான். உரிமையை வயதால் அளக்காதீர்கள், வகுப்பால் அளங்கள். அமெரிக்காவைப் பார்த்து கிரேடு, கிண்டர்கார்டன் எல்லாம் இறக்குமதி செய்கிறோமே, அங்கே பல மாநிலங்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் 20, 21 வயது வரை இலவசமாகப் பள்ளியில் படிக்கலாம் என்பதை மட்டும் ஏன் இறக்குமதி செய்யவில்லை? இங்கே உரிமை 14 வயதோடு முடிகிறது, தாமதமாக வந்தவனுக்கு எட்டாம் வகுப்போடு. அவன் 16 வயதில் எட்டாம் வகுப்பை முடித்தால் சட்டம் கைகுலுக்கி வழியனுப்பிவிடும். பன்னிரண்டு வகுப்புகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடன்பட்டவை. 17 வயதில் வாங்கினாலும் 21 வயதில் வாங்கினாலும் கடன் கடன்தான்.

"13 வயதுப் பையனை 8 வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவமானமாக இருக்காதா?" என்பது நியாயமான கேள்வி. இருக்கும். அதற்குத்தான் அந்த இரண்டு வருஷச் சிறப்புப் பயிற்சி, அவன் வயதுப் பிள்ளைகளோடு, அவன் மலையிலேயே, விடுதியோடு, முழு நேர ஆசிரியரோடு. விளையாட்டு, சாப்பாடு, பிரேயர் எல்லாம் ஏழாம் வகுப்போடு. எழுத்தும் கணக்கும் அவன் படியிலிருந்து. புதுச் சட்டம்கூட வேண்டாம், இருக்கிற 4-வது பிரிவின் இரண்டாம் பாதியை முதல் பாதி அளவுக்கு மதித்தால் போதும்.

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கிருந்தோ கிளம்பி, எத்தனையோ வருஷம் பிரயாணம் செய்து, தாமதமாக வந்து சேரும் வெளிச்சத்தை அங்கே யாரும் "லேட்டா வந்துட்டே, வயசு தாண்டிடுச்சு" என்று திருப்பி அனுப்புவதில்லை. இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருந்து வாங்கிக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடம் மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?