பொல்பிட்டியவில் ஒரு டோரியா

யப்பானியர் 'டோரியா' என்றொரு சோறு உண்கின்றனர். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த யோகோஹாமா நகரில், 1927இல் திறக்கப்பட்ட நியூ கிராண்ட் ஹோட்டலின் சுவிஸ் சமையற்காரர் சாலி வெய்ல், உடல்நலம் குன்றிய விருந்தினர் ஒருவருக்காக ஆக்கியது. வெண்ணெய்ச் சோற்றின்மேல் வெண்குழம்பில் இறால், அதன்மேல் சீஸ், பிறகு போறணைச் சூடு. வீடுகளில் கோழியிறைச்சியிலும் செய்கின்றனர்.

லயத்து வீட்டில் போறணை ஏது என்பீர்கள். நியாயமே. பொல்பிட்டிய மின்நிலையம் 1969இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது; சுற்றியுள்ள தோட்டங்களில் பலருக்கு இன்றும் விறகடுப்புத்தான்.

ஆயினும் இவ்வுணவுக்குத் தேவை மேலிருந்து வரும் சூடு மட்டுமே. கனத்த சட்டியின் மூடிமேல் தணல் பரப்பினால் போதும். பிரியாணிக்குத் தம் போடுவோர் அறிந்த வித்தைதான் அது.

இரண்டு மேசைக்கரண்டி பட்டரில் அதே அளவு கோதுமை மாவை நிறம் மாறாமல் வறுத்து, இரண்டு கோப்பைப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். அவசரப்பட்டால் கட்டி தட்டும். வெங்காயத்துடன் வதக்கி வேகவைத்த கோழியை இதிற் சேர்த்துச் சோற்றின்மேல் ஊற்றுங்கள். சீஸுக்கு வசதியில்லையா? பட்டரிற் பிசறிய பாண் தூள் போதும். யோகோஹாமாவிலிருந்து எவரும் விசாரிக்க வரப்போவதில்லை.

கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண்கள் தலையில் இதையும் சுமத்த நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் அடுப்படிக்குள் நுழையட்டும். கொச்சிக்காய்ச் சம்பல் வேண்டுமானால் தனியே வையுங்கள், குழம்பிற் கலந்துவிடாதீர்கள்.