கடற்கரைக்குப் போவோம், நடப்பதற்காக

கோடை விடுமுறையில் எமது குடும்பங்கள் கடற்கரைக்குப் போவதில் குறைவில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து கூப்பிடுதூரத்தில் பாய் விரிப்போம். கோழி வாட்டப்படும், ரோல்ஸும் சோடாவும் சுற்றி வரும். ஆண்கள் கடதாசி விளையாட, பெண்கள் வீட்டில் செய்யும் அதே பரிமாறும் வேலையை இங்கே காற்றில் நின்று செய்வார்கள். மாலையில் வீடு திரும்பும்போது பிள்ளைகளைத் தவிர வேறு எவரும் ஐந்நூறு அடி நடந்திருக்க மாட்டோம். ஒன்றுகூடுவது நல்லது, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் இரண்டு நாளாவது கடற்கரையைக் குடும்பமாக நடந்து பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. அதுவும் கல்லும் மேடும் பள்ளமுமான கரையை.

அப்படியொரு கரை ஒடென்சேக்கு அருகிலேயே உண்டு. கெர்தமின்டவைத் தாண்டி ஹின்ஸ்ஹோல்ம் நுனி வரை, சுமார் 40 கிலோமீற்றர் போனால் ஃபூன்ஸ் ஹோவெட் வரும். ‘ஃபூனின் தலை’ என்று பொருள். குடாநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நிலத்தின் அமைப்பு உடனே பிடித்துப்போகும். உயர்ந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 25 மீற்றர்தான், ஆனால் கடல் அரித்த மண்மேடு சில இடங்களில் செங்குத்தாக இறங்குகிறது. கீழே கரை முழுவதும் பனிக்காலத்தில் பனிப்பாறைகள் வடக்கிலிருந்து இழுத்து வந்து விட்டுப்போன கற்கள். உண்மையான கருங்கல் பாறைக்கரை வேண்டுமென்றால் பொர்ன்ஹோல்முக்குத்தான் போகவேண்டும், அது ஒரு நாளில் முடியாது. இந்த நாட்டில் கரையோரமாக நடந்து செல்லும் உரிமையை 1917ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டமே எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. யாருடைய காணி என்று தயங்கத் தேவையில்லை.

தட்டையான றோட்டில் நடந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கல்லில் நடக்கும்போது ஒவ்வொரு அடியும் வேறு அடி. கணுக்கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து உடலை நிமிர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் தொடைத் தசைகள் பிரேக் போல வேலை செய்கின்றன. வயது போனவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளாமல் இருக்க உதவுவது இந்தச் சமநிலையும் கால் பலமும்தான். வேலை செய்யும் தசை இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது, நடந்து முடிந்த பின்னும் பல மணித்தியாலங்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது.

சலரோகம் எங்கள் வீடுகளில் எவ்வளவு என்பதை நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. தெற்காசியர்களுக்கு அது ஐரோப்பியரை விட இளம் வயதில், குறைந்த உடல் எடையிலேயே வருகிறது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று கூறியது. வழமையான அட்டவணையில் எல்லை 25. ‘நான் மெலிவுதானே’ என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொல்லும் நாற்பது வயது அண்ணன்மாருக்காகவே இதை எழுதுகிறோம்.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகையிலிருந்து 9 பாகை வடக்கே, ஒடென்சே 55 பாகை வடக்கே. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்குள்ள வெயிலால் எமது தோல் போதிய விற்றமின் டி தயாரிக்காது. குளிர்காலத்தில் நடப்பது இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, ஆனால் அது விற்றமின் குளிசைக்குப் பதிலாகாது.

கடல் என்றவுடன் எங்கள் அம்மாமார் சிலரின் முகம் மாறுவதை நாம் அறிவோம். போர்க்காலத்தில் வடக்கில் கரையின் பெரும்பகுதி முட்கம்பிக்குள் இருந்தது. 2004 மார்கழி 26 முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் என்ன செய்தது என்பதை மறக்க முடியாது. அவர்களை வற்புறுத்தி அலைக்கருகே இழுக்கக் கூடாது. மேட்டின் மேல் புல்வெளியில் கடலைப் பார்த்தபடி நடக்கலாம், அல்லது பாதி வழியில் பேரப்பிள்ளையுடன் இருக்கலாம். ஆனால் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் தனியே கழியும் ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

பிள்ளைகளுக்குக் கல்லும் மேடும் போதும், கைத்தொலைபேசியைக் கேட்கமாட்டார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களை ஒருமுறை ஸ்ரெவன்ஸ் கிளின்ற்றுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 66 மில்லியன் வருடங்களுக்கு முன் விண்கல் மோதியதன் அடையாளம் ஒரு மெல்லிய களிமண் படையாக அந்தச் சுண்ணாம்பு மேட்டில் தெரிகிறது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். ஸ்ரோபெல்ற் பாலத்துக்குக் கொடுக்கும் காசு நெஞ்சைச் சுடும்தான், ஒரு காருக்கு ஐந்து பேராகப் போனால் கொஞ்சம் ஆறும்.

பாதுகாப்பு விடயத்தில் நாம் கண்டிப்பாகவே இருப்போம். மழைக்குப் பின்னும் பனி உருகும் காலத்திலும் மேட்டின் அடிவாரத்தில் நிற்கவோ சாப்பிட இருக்கவோ வேண்டாம், விளிம்புக்கும் போக வேண்டாம். 2007 ஜனவரியில் மூன்ஸ் கிளின்ற்றில் பெரும் பகுதி சரிந்து கடலுக்குள் நீண்ட தூரம் போனது. பாசி பிடித்த கல் வழுக்கும், செருப்புடன் வருபவர்களைத் திருப்பி அனுப்பினாலும் தவறில்லை. கரைகளில் எழுத்தும் இலக்கமும் கொண்ட பச்சைப் பலகைகள் உண்டு. ஆபத்தில் 112ஐ அழைத்து அந்த இலக்கத்தைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். இன்சுலினோ சீனியை மிகவும் இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு, சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். கால் மரத்திருப்பவர்கள் வீடு வந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றிரவு எல்லோருமே முழங்காலின் பின்புறத்திலும் இடுப்பிலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சில நாட்களிலோ வாரங்களிலோ சிவப்பு வளையம் பரவினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

சங்கத்தின் வருடாந்த நாட்காட்டியில் விளையாட்டுப்போட்டிக்கும் கலைவிழாவுக்கும் இடம் இருக்கிறது. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, செப்டெம்பரில் ஒரு ஞாயிறு கரைநடைக்கு ஒதுக்கவேண்டும் என்று நிர்வாகசபையைக் கேட்கிறோம். மண்டப வாடகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. புட்டும் சம்பலும் ஆளுக்கொரு பொட்டலம், அதை அவரவரே சுமக்கட்டும், ஆண்கள் உட்பட.