கொடிவழியில் விடுபட்டவர்கள்

1903-ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்ட ‘கிளைட்’ என்ற கப்பலில் சுஜாரியா என்றொரு பெண் இருந்தார். பீகாரைச் சேர்ந்தவர். வயது 27. நான்கு மாதக் கர்ப்பிணி. கணவர் உடன் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் பதிவான அவருக்கு நடுக்கடலில் ஆண் குழந்தை பிறந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகு, அவருடைய கொள்ளுப்பேத்தியும் பத்திரிகையாளருமான கயூத்ரா பகதூர், அந்தப் பெண் யார் என்று தேடத் தொடங்கினார். கயானா, பிரிட்டன், பீகார் என்று நீண்ட அந்தத் தேடல், 2013-இல் ‘கூலி உமன்’ என்ற நூலாக வெளிவந்தது.

சுஜாரியாவின் குடியேற்றச் சீட்டு அவருடைய வயது, ஊர், சாதி, காலில் இருந்த தீக்காயத் தழும்புவரை சொன்னது. ஊரைவிட்டு ஏன் கிளம்பினார், குழந்தையின் தகப்பன் யார், விரும்பி வந்தாரா, ஏமாற்றிக் கப்பலேற்றப்பட்டாரா என்பதை அது சொல்லவில்லை. விடை கிடைக்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பாமல், கேள்விகளைக் கேள்விகளாகவே அடுக்கிவைத்தார் பகதூர். குடும்ப வரலாறு எழுதப் புகும் எவருக்கும் இதுதான் முதல் பாடம்.

தமிழர்களுக்கு இந்தப் பாடம் மிக அவசியமானது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தபோது, சென்னையில் ஏறிய 342 பேர் அதில் இருந்தார்கள். 1911வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து போனவர்கள். மொரிஷியஸுக்கும் பிஜிக்கும் போனவர்கள் தனி. ‘சின்னத் தாத்தா ஒருத்தர் அக்கரைச் சீமைக்குப் போனார்’ என்ற ஒரே வரியோடு ஒரு மனிதரின் கதை முடிந்துபோன குடும்பங்கள் இங்கே ஏராளம்.

அவர்களை ஏன் மறந்தோம்? நம் குடும்ப நினைவு பெரும்பாலும் நிலத்தையும் ஆண்வாரிசையும் பிடித்துக்கொண்டு வருவது. சொத்தில் பங்கு கேட்டு வராதவரைப் பங்காளி வரிசையில் வைத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. தனியே போன பெண்ணின் பெயரையோ வீட்டில் உச்சரிக்கவே தயங்கினார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தித்தான் பலர் போனார்கள் என்பது பேச விரும்பாத கதையாகவே நின்றுவிட்டது.

வீடு மறந்தவர்களைக் கப்பல் குமாஸ்தா எழுதிவைத்தார். நேட்டால் கப்பல் பட்டியல்களில் வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. மொரிஷியஸில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம், குடியேறிகளின் பதிவேடுகளோடு புகைப்படங்களையும் பாதுகாத்துவருகிறது. தோட்ட முதலாளிக்குக் கணக்குக் காட்டவும், ஓடிப்போனவரைப் பிடித்துவரவும் எழுதப்பட்டவை இவை. இன்று கொள்ளுப்பேரர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தடயமும் பல நேரங்களில் இவையே. ஆனாலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். வயதைக் குத்துமதிப்பாகப் போட்டார்கள். ஊரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

காகிதம் எல்லோருக்கும் ஒரேபோலக் கிடைக்கவில்லை என்பது இதைவிட முக்கியமானது. ஏழு கடல் தாண்டிப் போனவருக்காவது ஒரு வரி உண்டு. பக்கத்திலிருக்கும் இலங்கையின் கண்டிச் சீமைக்கு, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போனவர்கள் கும்பலாகக் கணக்கிடப்பட்டார்கள். தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லை அவர்களுக்கு அடையாளமாக இருந்தது. ‘துண்டு’ என்ற சீட்டு அவர்களுடைய கடனைச் சொன்னது. இந்தக் காகிதக் குறைவு பின்னாளில் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்நாட்டில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். மூதாதையின் பிறப்பைக் காட்டும் ஒரு தாளுக்கு அவ்வளவு விலை இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது மலேயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் நிலை இன்னும் கொடியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்த தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெயர் சொல்லும் கல் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை, குடும்பத்தில் வயதானவர்கள் சொல்வதுதான் ஆவணம். அதைச் சொல்லக்கூடியவர்களும் வேகமாகக் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே தேடலை வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுபது, எண்பது வயதைக் கடந்த உறவினர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்யுங்கள். பெயர், தகப்பன் பெயர், குலதெய்வம், பழைய கிராமம், போன நாடு, கடிதம் வந்த கடைசிக் காலம் ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். பழைய ஜில்லா எல்லைகளை மனத்தில் கொள்ளுங்கள். இன்றைய வேலூர் பதிவேட்டில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். முனுசாமியை ‘மூன்சாமி’ என்றும் தேடிப் பாருங்கள். யார் சொன்னது, எந்த ஏட்டில் கண்டது என்பதைக் குறித்துவைத்து, உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்தெழுதுங்கள்.

தனி மனிதரால் முடியாததை அரசு செய்ய வேண்டும். சென்னை மாகாண அரசின் பழைய கோப்புகளைக் காத்துவரும் எழும்பூர் ஆவணக் காப்பகம் டர்பன், மோக்கா ஆகிய இடங்களிலுள்ள காப்பகங்களோடு கைகோத்து, தமிழ்ப் பெயராலும் கிராமத்தாலும் தேடக்கூடிய பொதுப் பட்டியல் ஒன்றை உருவாக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியோரின் வாய்மொழி வரலாற்றையும் அதில் சேர்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும் தமிழ்நாட்டுக்கு இது பொருத்தமான கடமை. உலகமெங்கும் சாதித்த தமிழர்களை அழைத்துக் கௌரவிக்கிறோம். பெயர் தெரியாமல் உழைத்து மாண்டவர்களுக்குப் பெயரைத் திருப்பித் தருவது அதைவிடப் பெரிய கௌரவம்.