சிலம்பு யார் கையில்?

சித்திரை முழுநிலவன்று கம்பம் பள்ளத்தாக்கே மங்கலதேவி மலையேறிக் கண்ணகியைக் கும்பிடுகிறது. அந்த அடிவாரத்தில் சிலப்பதிகாரத்தை நாடகமாகப் போட வேண்டும் என்பது என் ஆசை. கற்புக்கரசியின் கதையாக அல்ல. கற்பைச் சொல்லித்தான் பெண்ணின் உடலைச் சாதிக்கு வேலியாக்கினார்கள்.

என் நாடகத்தில் இன்னொரு கண்ணகி வருவார். தலித் இளைஞர் முருகேசனை மணந்ததற்காக, 2003இல் விருத்தாசலம் அருகே அவரோடு சேர்த்து நஞ்சூட்டி எரிக்கப்பட்டவர். கொன்றது சொந்தக் குடும்பம்.

சிலம்பைப் பார்த்ததும் பாண்டியன் தவறை ஒப்புக்கொண்டு உயிர்விட்டான். முருகேசனின் குடும்பத்துக்கோ கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கவே 2021 ஆனது. 18 ஆண்டுகள்! வழக்குரைக்கும் காட்சியில் சிலம்பை அவர்கள் கையில் கொடுப்பேன்.

பார்ப்பவர்களில் பாதிப்பேர் எழுந்து போகலாம். போகட்டும். மலையேறி அவர்கள் கும்பிடுவது எந்தக் கண்ணகியை என்று அப்போது தெரிந்துவிடும்.