வானத்தைப் பார்ப்பது யார் வீட்டு வேலை?

குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றி நான் எதை எழுதினாலும் ஒரே மாதிரி பதில்தான் வருகிறது. "சார், வானியல் ஆராய்ச்சியெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் வேலை. பெரிய தொலைநோக்கி அவன்கிட்டதான் இருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்க வாட்ச்மேன் வேலை கிடைச்சாலே போதும்." இப்படிச் சொல்பவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு துறையை எடுத்துக்கொள்கிறேன். காமாக் கதிர் வெடிப்பு. மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று தன் எடை தாங்காமல் இடிந்து விழும்போதோ, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போதோ, சில நொடிகளுக்குக் காமாக் கதிர் பீறிட்டு அடிக்கும். நம் காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடும், செயற்கைக்கோள்தான் பார்க்க முடியும். ஆனால் அதன் பின்னால் ஒரு மங்கலான வெளிச்சம் கொஞ்ச காலம் நிற்கும். பின்னொளி என்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் வெடித்தது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். தரையிலிருந்தே அதைப் பிடிக்கலாம். முதன்முதலில் பிடிபட்டது 1997 பிப்ரவரி 28 அன்று நடந்த வெடிப்பின் பின்னொளி. (நமக்கு அது தேசிய அறிவியல் நாள். குலசையில் அடிக்கல் நாட்டியதும் 2024-ல் அதே தேதியில்தான்.)

பின்னொளி ஏறக்குறைய நேரத்துக்குத் தலைகீழாக மங்கும். முதல் நிமிடத்தில் இருந்த வெளிச்சம் ஒரு மணி நேரத்தில் அறுபதில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் யார் முதலில் திரும்பிப் பார்க்கிறார் என்பதுதானே கணக்கு? 1999 ஜனவரி 23-ல் அமெரிக்காவில் நான்கு கேமரா லென்ஸ்களைச் சேர்த்துக் கட்டிய ரோட்சி என்ற கருவி, வெடிப்பு தொடங்கி 22 நொடியில் படம் எடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் பெர்ட்டோ மோனார்ட் என்பவர் 2003-ல் பின்னொளி ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருக்கு வானியல் வெறும் பொழுதுபோக்கு.

நமக்கு நடுஇரவு என்றால் சிலியில் பிற்பகல், ஹவாயில் காலை. உலகத்தின் பெரிய கண்ணாடிகளில் பல அப்போது மூடிக் கிடக்கும். நம்ம ஊர் வலைக்காரரிடம் கேளுங்கள், மீன் கூட்டம் வரும் நேரத்தில் அந்த இடத்தில் வள்ளம் நிற்க வேண்டும் என்பார். தூத்துக்குடியில் பெரிய விசைப்படகு கட்டிக் கிடந்து என்ன பிரயோசனம்?

லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 70 செ.மீ. கண்ணாடியோடு குரோத்-இந்தியா தொலைநோக்கி இருக்கிறது. செயற்கைக்கோள் செய்தி வந்ததும் ஆள் இல்லாமலே திரும்பிக்கொள்ளும். 2021 பிப்ரவரி 4-ல் நடந்த வெடிப்பை அதுவும் நைனிடால் பக்கத்துத் தேவஸ்தல் தொலைநோக்கியும் விடாமல் பார்த்ததால்தான், அந்தப் பின்னொளி நாள் கழிந்தும் திடீரெனப் பிரகாசித்தது தெரிந்தது. செய்தவர்கள் நம் நாட்டு மாணவர்கள், தம்பி. வெள்ளைக்காரன் இல்லை.

தமிழ்நாட்டுக்கு என்ன குறை? ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே நிற்கிறது. ஆனால் நான் பார்த்த பல பள்ளிகளில் தொலைநோக்கி வந்தால் பீரோவுக்குள் போகும், ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வரும். பிப்ரவரி 28-க்குத் தெர்மாகோல் ராக்கெட், அதோடு முடிந்தது.

ஆலந்தலையில் தொலைநோக்கி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. உப்புக்காற்று கண்ணாடியைத் தின்றுவிடும். நம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மலையில் 40 செ.மீ. தானியங்கித் தொலைநோக்கி ஒன்றை வைக்கட்டும். அது எடுக்கும் படங்கள் அரசுப் பள்ளிக் கணினிகளுக்கு வரட்டும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து, புதிதாக முளைத்த புள்ளி எது என்று தேட எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண் போதாதா? அவள் தாத்தா ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துக் கரை சேர்ந்தவர்.

வாட்ச்மேன் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு எழுதித் தருகிறேன். பிள்ளைகளுக்கும் அதுவே போதும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.