கார்டு கரப்ட் ஆகலை அண்ணாச்சி, நீங்க அழிச்சிட்டீங்க!

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கோபப் பதிவு.

புளியங்குடியில தங்கச்சி கல்யாணம். ரெண்டு கேமரா, ட்ரோன், மண்டப வாசல்ல எல்இடி திரைன்னு ஒரே தடபுடல். மூணு மாசத்துல பெரியப்பா தவறிட்டாங்க. அப்பதான் வீடியோ இன்னும் வரலையேன்னு உறைச்சுது. ஸ்டுடியோவுக்கு ஓடினா, "தம்பி, பந்தி எடுத்த கார்டு மட்டும் கரப்ட் ஆயிட்டு. டெக்னாலஜி கோளாறு, நாம என்ன செய்ய?"ன்னாரு அண்ணாச்சி. அன்னைக்கு பெரியப்பா பந்தியை விட்டு நகரவே இல்லைங்க.

நோண்டி நோண்டிக் கேட்டதுல விஷயம் வெளிய வந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு நினைச்சு, பையன் கார்டை ஃபார்மட் அடிச்சு சங்கரன்கோவில் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். இதுக்குப் பேரு கரப்டா?

இவங்க அகராதியில எல்லாத்துக்கும் இந்த ஒரே வார்த்தைதான். எக்ஸ்போர்ட் பண்ணுன ஃபைல் பென்டிரைவ்ல ஏறாம நின்னா கரப்ட். யோவ், ஃபேட்32-ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தினா முடிஞ்சுது. ரெக்கார்டிங் நடுவுல பேட்டரி போய் ஃபைல் திறக்கலைன்னா அதுவும் கரப்ட். எம்பி4-ல அட்டவணையைப் பெரும்பாலும் கடைசியிலதான் எழுதும். அதே கேமராவுல, அதே செட்டிங்ல எடுத்த இன்னொரு கிளிப்பைக் கொடுத்தா அன்ட்ரங்க் மாதிரி இலவச மென்பொருளே பல நேரம் சரி பண்ணிரும். "ப்ராஜெக்ட் ஃபைல் பத்திரமா இருக்கு தம்பி"ன்னு ஒரு ஆறுதல் வேற! அதுல எந்த கிளிப்பை எங்க வெட்டணும்ங்கிற குறிப்புதான் இருக்கும். சோறில்லாத பந்தி இலை.

ஃபார்மட் அடிச்ச கார்டும் அப்படித்தான். வாசல்ல நம்பர் பலகையைக் கழட்டுன மாதிரி. அடுத்தவன் வந்து இடிச்சுக் கட்டுற வரைக்கும் வீடு பெரும்பாலும் அங்கனதான் நிக்கும். அன்னைக்கே கார்டை ஓரமா எடுத்து வெச்சிருந்தா பெரியப்பா கிடைச்சிருப்பாங்க. இவங்க அதுமேலயே இன்னொரு கல்யாணத்தைக் கட்டிட்டாங்க.

பெரிய கம்பெனியிலயே நடக்குதேம்பீங்க. நடந்துச்சு. 1998-ல பிக்ஸார்ல ஒரு தப்பான கட்டளையில டாய் ஸ்டோரி 2 ஃபைல்கள் அழிஞ்சுது, பேக்கப்பும் வேலை செய்யலை. குழந்தை பிறந்து வீட்டுல இருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் கிட்ட ஒரு காப்பி இருந்ததால பொழைச்சாங்க. இரண்டாவது காப்பி, அவ்வளவுதான் சூட்சுமம். அது இல்லாமப் போனா என்ன ஆகும்? 1931-ல வந்த முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸுக்கு இன்னைக்கு ஒரு பிரிண்ட்கூட இல்லை.

பத்து கிலோ எலுமிச்சைக்குக் கார்பன் வெச்சு ரெண்டு சீட்டு எழுதுற ஊருலே இது! ட்ரோனுக்குக் காசு வாங்குறீங்க, இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்குத் தனியா வாங்கித் தொலைங்களேன், தர்றோம். ரெண்டு டிஸ்க்ல ஏத்தி, திறந்து ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் கார்டைத் தொடுங்க. நாங்க மட்டும் யோக்கியமா? ஆல்பம் அட்டைக்கு அரை மணி நேரம் பேரம் பேசினோம், எத்தனை காப்பி வைப்பீங்கன்னு ஒருத்தரும் கேக்கலை. நானும்தான்.

கார்டை வாங்கிட்டு வந்து ஃபோட்டோரெக் போட்டு ரெண்டு ராத்திரி உக்காந்தேன். மீட்டதை வேற டிஸ்க்லதான் சேமிச்சேன். முக்காவாசி சங்கரன்கோவில் பொண்ணு மாப்பிள்ளை. ஒரே ஒரு கிளிப் திறந்துச்சு, 40 செகண்ட். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பெரியப்பா கத்துறாங்க: "ஏலே, கடைசி இலைக்கு ரசம் போகலை பாரு!"

டிஸ்கி: ஸ்டுடியோ பேரைக் கேட்டு தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். அந்த 40 செகண்டை மூணு இடத்துல வெச்சிருக்கேன்.